சகாதேவனின் பித்தளைப் பொத்தான்

சங்குமேட்டுக் குப்பத்து சகாதேவனுக்குக் கண் மங்க ஆரம்பித்தது 1976-இல். முதலில் அவர் ஏரியின் மேல்தான் சந்தேகப்பட்டார். இந்த வருஷம் பனி ஜாஸ்தி என்றார். பனிக்காலம் போய், உச்சி வெயிலிலும் பனி விலகாதபோது, ரேஷன் மண்ணெண்ணெயில் கலப்படம், விளக்குப் புகை கண்ணைக் கெடுக்கிறது என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார். வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான், தான் சண்டை போட்டது கடைக்காரரிடம் அல்ல, சர்க்கரை வாங்க வந்திருந்த யாரோ ஒரு வெளியூர்க்காரரிடம் என்று அவருக்குத் தெரிய வந்தது. அதற்கப்புறம் அவர் யார் மேலும் பழி போடவில்லை. விஷயத்தை மறைக்க ஆரம்பித்தார்.

மறைப்பதற்குக் காரணம் இருந்தது. பழவேற்காடு ஏரியில் யாரும் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம், வலை கட்டுகிற ஆட்கள் நிறைய. அதனால் முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். குப்பத்தில் கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் பாட்டில் ஒரு பெயர் உண்டு. சங்குமேட்டில் மொத்தம் முப்பத்து நாலு பெயர். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பதை வருஷா வருஷம் சித்திரையில் அம்மன் கோயில் வாசலில் சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள்.

சீட்டு என்றால் காகிதம் இல்லை. ஒவ்வொருவரும் தனக்கென்று ஓர் அடையாளப் பொருள் கொடுத்திருப்பார். ஒருவர் வலையில் கட்டும் ஈயக்குண்டு, ஒருவர் மட்டிச் சிப்பி, ஒருவர் சோடா பாட்டில் மூடி, ஒருவர் உடைந்த சீப்பின் ஒரு துண்டு. எல்லாம் ஒரு மண்பானையில் கிடக்கும். வாயைத் துணியால் கட்டிக் கோயிலுக்குள் வைத்துவிட்டால், அடுத்த சித்திரை வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள். அன்றைக்கு ரங்கம்மாள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து உயர்த்திக் காட்டுவாள். கோயிலைப் பெருக்குகிற ரங்கம்மாளுக்குப் பாட்டில் பங்கும் கிடையாது, பங்குள்ள பிள்ளையும் கிடையாது. அதனால் அவள் கை நியாயமான கை என்று ஊர் நம்பியது. பொருளுக்கு உரியவர் "என்னுது" என்று குரல் கொடுப்பார். முதலில் வந்தவருக்கு முதல் முறை, அடுத்து வந்தவருக்கு அடுத்த முறை.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். தன் பொருளைத் தானே பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவர் தண்ணீரில் இறங்க முடியாதவர் என்று கணக்கு. பெயர் எடுபட்டுவிடும்.

பெயர் எடுபட்டவரை ஊர் பட்டினி போடாது. அந்த விஷயத்தில் சங்குமேட்டைக் குறை சொல்ல முடியாது. அன்றன்றைக்கு வலை கட்டியவர்கள் ஆளுக்கு ஒரு கை அள்ளி அவர் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்குக் குந்துற பங்கு என்று பெயர். குந்திக்கொண்டே சாப்பிடலாம். ஊரில் பச்சைமுத்து என்பவருக்கு அந்தப் பங்கு 1972-இல் கிடைத்தது. கிடைத்தபோது அவர் இடுப்பளவு தண்ணீரில் ஒரே ஆளாகக் கழி ஊன்றுகிறவராக இருந்தார். காதுதான் கொஞ்சம் மந்தம், ஊர்க்கூட்டத்தில் கேட்டதற்கு மாற்றிப் பதில் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். பங்கு வந்ததும் ஊர் அவரைத் தாங்கு தாங்கு என்று தாங்கியது. துடுப்பைத் தொட்டால் ஓடி வந்து வாங்கிக்கொண்டார்கள். வலையை எடுத்தால் "உனக்கு இன்னாத்துக்குப் பெரியப்பா" என்றார்கள். அவர் குந்தினார். முதல் வருஷம் குந்தினவர் எழுந்து நடந்தார், இரண்டாம் வருஷம் சுவரைப் பிடித்து எழுந்தார், மூன்றாம் வருஷம் எழவில்லை. ஊர் நன்றாகக் கவனித்துக்கொண்டதால்தான் மூன்று வருஷம் தாங்கினார் என்று எல்லோரும் சொன்னார்கள். சகாதேவனுக்கு அதில் வேறு அபிப்பிராயம் இருந்தது.

அவருக்கு ரேஷன் கார்டுப்படி வயது ஐம்பத்தாறு. மனைவி பொன்னியம்மாள் கணக்குப்படி அறுபது. இரண்டு பெண்கள், இருவரையும் சுண்ணாம்புக்குளத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. பையன் இல்லை. தன் பெயர் போனால் அந்த வீட்டுக்கு ஏரியில் பெயரே இல்லை என்பது ஒரு பக்கம். அதைவிட, பச்சைமுத்துவின் கால்கள் கடைசியில் எப்படி இருந்தன என்பதை அவர் பார்த்திருந்தார். அப்போது அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

தண்ணீருக்குள் அவருக்குக் கண் தேவைப்படவும் இல்லை. சேற்றில் காலை வைத்தால் எந்த இடம் என்று பாதம் சொல்லிவிடும். வலையில் கிழிசல் எங்கே என்று விரல் சொல்லிவிடும். கூட வலை கட்டுகிற தருமலிங்கம் படகின் முன்பக்கம் நின்று கழியைக் கொடுத்தால், இவர் ஊன்றிவிடுவார். ஆண்டு முழுவதும் பிரச்சினையே இல்லை. பிரச்சினை சித்திரையில் ஒரே ஒரு காலைப் பொழுதுதான்.

அதற்கும் அவர் வழி கண்டுபிடித்துவிட்டார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. முப்பத்து நாலு பொருளில் முப்பத்து மூன்றுக்கு உரியவர்கள் கண் தெரிந்தவர்கள். ரங்கம்மாள் கையைத் தூக்கிய உடனே கத்துவார்கள். யாரும் கத்தாத பொருள் எதுவோ அது தன்னுடையது. ரங்கம்மாள் கையைத் தூக்குவாள், சகாதேவன் மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். மூன்று வரை யாரும் வாயைத் திறக்காவிட்டால், கண்ணைச் சுருக்கி நன்றாகப் பார்ப்பதுபோலப் பார்த்து, "என்னுது" என்பார்.

அவருடைய பொருள் ஒரு பித்தளைப் பொத்தான். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு துரை சட்டையிலிருந்து விழுந்ததை அவருடைய நைனா மணலில் கண்டெடுத்து, கல்யாணமான வருஷம் மகனுக்குக் கொடுத்தது. தங்கம் மாதிரி மின்னும். கண் நன்றாக இருந்த காலத்தில் ரங்கம்மாள் அதை எடுத்ததுமே பின்வரிசையிலிருந்தே தெரியும். இப்போது மின்னுவது தெரியாவிட்டாலும் அது மின்னிக்கொண்டிருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

இப்படி ஐந்து வருஷம் ஓடியது. ஐந்து வருஷமும் தப்பே நடக்கவில்லை. அந்த அமைதியில் ஒரே இடைஞ்சல், ஊர்த் தலைவர் பொன்னுரங்கத்தின் இருமல். மற்றவர் யாராவது குரல் கொடுக்கத் தாமதித்தால் பெயர் சொல்லி அதட்டுகிறவர், சரியாக இவர் எண்ணிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து லொக்கு லொக்கு என்று இருமுவார். பொன்னுரங்கமும் சகாதேவனும் ஒரு காலத்தில் ஒரே படகு. பொன்னுரங்கம் தன் மகனுக்கு சகாதேவனின் மூத்த பெண்ணைக் கேட்டு வந்தபோது, இவர் நாலு பேர் எதிரில் "ஒம் பையனுக்குப் படகு தள்ளத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். உண்மையும் அதுதான். ஆனால் உண்மையைச் சொன்ன அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. இது நடந்தது 1971-இல்.

பேச்சு இல்லாவிட்டாலும் மனிதாபிமானம் போய்விடுமா? சீட்டு முடிந்து வீட்டுக்கு வந்ததும் சகாதேவன் மனைவியிடம் சொல்வார்.

"பொன்னுரங்கத்துக்கு நெஞ்சு சரியில்லமே. இந்த வருசமும் அப்படி இருமறான். ரொம்ப நாள் தாங்கமாட்டான்."

"அப்பிடியா?" என்பாள் பொன்னியம்மாள், அடுப்பை ஊதிக்கொண்டே.

1982 சித்திரையில் பொன்னுரங்கம் ஊரில் இல்லை. பேத்திக்குக் காது குத்து என்று திருப்பாலைவனம் போனவர், பஸ் வராமல் அங்கேயே தங்கிவிட்டார். பாட்டை நடத்தும் பொறுப்பை லோகநாதனிடம் கொடுத்திருந்தார். லோகநாதன் பத்தாவது வரை படித்தவன், மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன், எதையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போடுகிறவன். அன்றைக்கு இருமல் இல்லாமல் கூட்டம் அமைதியாக நடந்தது. சகாதேவனுக்கே அது நிம்மதியாக இருந்தது.

பதினோராவது பொருளை ரங்கம்மாள் தூக்கினாள். யாரும் பேசவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று.

"என்னுது," என்றார் சகாதேவன்.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தருமலிங்கம் உள்ளங்கையில் புகையிலையைச் சுண்ணாம்போடு கசக்கிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அது என்னோட சிப்பியாச்சே," என்றார்.

மட்டிச் சிப்பி உள்ளங்கை அகலம் இருக்கும், சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. பொத்தான் கட்டை விரல் நகம் அளவு. இரண்டையும் மாற்றிச் சொல்வதற்குக் கண் மங்கினால் போதாது, கிட்டத்தட்டக் கண்ணே இருக்கக் கூடாது. சகாதேவன் தன் வாழ்க்கையில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை. தருமலிங்கம் புகையிலையை முதலிலேயே கசக்கி வைத்திருக்கக் கூடாதா என்று அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

லோகநாதன் நோட்டை மூடவில்லை. எழுந்து வந்து அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"மாமா, கோவிச்சுக்காத. எத்தினி வெரல்?" என்று கையைக் காட்டினான்.

"ஒன் கைக்கு எத்தினி வெரலுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார் சகாதேவன்.

"சட்டம்னு ஒண்ணு கீது மாமா. ஒனக்கு இன்னா கொறை? குந்துற பங்கு வாங்கிகினு நிம்மதியா இரு. நாங்கள்லாம் இல்ல?"

அவன் கெட்டவன் இல்லை. உண்மையிலேயே அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். தருமலிங்கம்தான் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு, இந்த வருஷம் பெயர் இருக்கட்டும், அடுத்த சித்திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கூட்டமும் அதையே சொன்னது. லோகநாதன் நோட்டில் எழுதினான்: "சகாதேவன். அடுத்த சீட்டில் பொருளைச் சரியாகச் சொல்லாவிட்டால் பெயர் நீக்கம்." கீழே அடிக்கோடு போட்டான்.

வீட்டுக்கு வந்தபோது விஷயம் அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. பொன்னியம்மாள் சோற்றைப் போட்டு, தட்டை அவர் கைக்கு நேராக நகர்த்தி வைத்தாள். ஆறு வருஷமாக அவள் அப்படித்தான் நகர்த்தி வைக்கிறாள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"குந்திகினு துன்னா காலு பூடும்மே," என்றார். "நான் பச்சமுத்துவைப் பாத்தேன்."

"தெரியுதில்ல? அப்போ கண்ணைக் காட்டு," என்றாள் அவள்.

கண்ணைக் காட்ட ஒரு வழி இருந்தது. மாசி மாதம் திருப்பாலைவனம் பள்ளிக்கூடத்தில் மெட்ராஸ் டாக்டர்கள் வந்து இலவசமாகக் கண் ஆபரேஷன் செய்கிறார்கள் என்று பழவேற்காட்டு அப்துல் ஹை சொல்லிக்கொண்டே இருந்தார். அப்துல் ஹை இறால் வாங்கி ஐஸ் போட்டு மெட்ராசுக்கு அனுப்புகிறவர். போன இரண்டு முகாம்களில் தானே போய் இரண்டு கண்ணையும் சரி பண்ணிக்கொண்டு, சோடா பாட்டில் அடி போல இருக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தார். அதற்கப்புறம் அவரிடம் சின்ன இறாலைப் பெரிய இறாலோடு கலந்து தள்ள முடியவில்லை. அதனால் குப்பத்தில் அந்த முகாமுக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை.

சகாதேவன் ஒரு நாள் அவருடைய கண்ணாடியை வாங்கித் தன் மூக்கில் மாட்டிப் பார்த்தார்.

"இன்னா தெரியுது சகாதேவா?"

"முன்ன கொஞ்சமா வெள்ளையா தெரிஞ்சிது பாய். இப்போ பெரிசா வெள்ளையா தெரியுது," என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"படலத்தை எடுக்காம கண்ணாடி போட்டா எப்பிடிய்யா தெரியும்? பானை மேல துணியைக் கட்டிட்டு உள்ள எட்டிப் பாத்தா தெரியுமா?"

பானை, துணி என்றதும் சகாதேவனுக்கு வேறு ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. ஆனால் பயம் இருந்தது. கண்ணைத் தோண்டி வெளியே எடுத்துக் கழுவி மறுபடி வைப்பார்கள் என்று தருமலிங்கம் யாரிடமோ கேட்டு வந்து சொல்லியிருந்தார். கழுவுகிற நேரத்தில் காக்கை கொத்திக்கொண்டு போனால் என்ன செய்வது என்று சகாதேவன் நிஜமாகவே கவலைப்பட்டார். பொன்னியம்மாள், தான் பக்கத்திலேயே நின்று காக்கை விரட்டுவதாக வாக்குக் கொடுத்தாள்.

1983 மாசியில் அப்துல் ஹையின் இறால் வேனில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து இருவரும் போனார்கள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். நெல் வயல்காரர்கள், பீடி சுற்றுகிறவர்கள், மீன்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கட்டோடு கிடந்தார்கள். கண்ணைத் தோண்டவில்லை. அதில் சகாதேவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. ஊரில் போய்ச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஒரு கண்ணுக்குத்தான் இந்த வருஷம், இன்னொன்று பிறகு என்றார்கள்.

அனுப்பும்போது நர்சு சட்டங்களைச் சொன்னாள். நாற்பது நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது. குனியக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. தும்மக் கூடாது. இருமக் கூடாது.

"இருமுனா இன்னா ஆவும்?" என்று கேட்டார் சகாதேவன்.

"தையல் விட்டுடும். கண்ணு போயிடும்."

வேனில் திரும்பி வரும்போது அவர் கண் கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "பாவம்மே பொன்னுரங்கம். அவனுக்குக் கண்ணு பூடுச்சுன்னா ஒண்ணியும் பண்ண முடியாது. அந்த இருமலுக்கு ஆபரேசனே பண்ணமாட்டாங்க," என்றார்.

பொன்னியம்மாள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த நாற்பது நாளும் சகாதேவன் வாழ்க்கையிலேயே கெட்ட நாட்கள். குந்துற பங்கு வாங்காமலேயே குந்தியிருக்க வேண்டியதாயிற்று. ஊர் உடனே தாங்க ஆரம்பித்தது. ஆளுக்கொரு கை மீன் வந்தது. லோகநாதன் தானே ஒரு நாள் வஞ்சிரம் கொண்டுவந்து கொடுத்து, "பழகிக்கோ மாமா" என்றான். இருபதாம் நாள் அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். சகாதேவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து விடிந்ததும் பொன்னியம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டு படகுத்துறை வரை நடந்தார், கட்டுப் போட்ட கண்ணோடு, தலையை நேராக வைத்து, முன்னால் சாமி ஊர்வலம் போவது போல. பார்த்தவர்கள் பொன்னியம்மாளைத் திட்டினார்கள். வயசானவரை இப்படி நடக்கவிட்டு வேடிக்கை பார்க்கிறாளே என்றார்கள். அவள் திட்டு வாங்கிக்கொண்டு நடந்தாள். தன் மனைவிக்கு அவ்வளவு பொறுமை உண்டென்று சகாதேவனுக்கு அதுவரை தெரியாது.

சீட்டுக்கு முந்தின நாள்தான் கண்ணாடி வந்து சேர்ந்தது. அப்துல் ஹை கொண்டுவந்து கொடுத்து, தன் கையாலேயே மாட்டிவிட்டார். சகாதேவன் நிமிர்ந்து பார்த்தார். எதிரில் தலை முழுக்க நரைத்த ஒரு பொம்பிளை நின்றுகொண்டிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணோரம் சுருக்கம் சுருக்கமாக இருந்தது. கடைசியாக அவர் பார்த்தபோது பொன்னியம்மாளுக்கு முன்னால் மட்டும்தான் இரண்டு மூன்று நரை இருந்தது.

"இன்னாமே, இப்பிடி ஆயிட்டே?" என்றார்.

"நான் ஒன்ன தெனிக்கும்தான் பாத்துகினு கீறேன். எதனா சொன்னேனா?" என்றாள் பொன்னியம்மாள்.

அன்று சாயங்காலம் வரை அவர் ஊரைச் சுற்றினார். கலங்கரை விளக்கம் இருக்கும் திசையைப் பார்த்தார், அது இருந்தது. யார் யார் வீட்டுக் கூரை ஓடாகியிருக்கிறது என்று பார்த்தார். கண்ணாடி எல்லாவற்றையும் பெரிதாகவும் கிட்டத்திலும் காட்டியதால் இரண்டு இடத்தில் கால் இடறியது. தூரத்தில் பொன்னுரங்கம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனார். மார்பு விரிந்து, முதுகு நிமிர்ந்து, நாற்பது வயதுக்காரன் மாதிரி நடந்தார். நெஞ்சு நோய்க்காரனுக்கு இவ்வளவு உடம்பா என்று சகாதேவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. உள்ளே அரிக்கிற வியாதி வெளியே தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கோயில் வாசலில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். கண்ணாடியை வேட்டியில் மூன்று முறை துடைத்தார். இந்த வருஷம் எண்ண வேண்டியதில்லை. பொன்னுரங்கம் தலைவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். லோகநாதன் நோட்டைப் பிரித்து, போன வருஷம் அடிக்கோடு போட்ட இடத்தைக் கூட்டத்துக்கு வாசித்துக் காட்டினான்.

ரங்கம்மாள் எடுக்க ஆரம்பித்தாள். ஈயக்குண்டு. சோடா மூடி. சீப்புத் துண்டு. ஒவ்வொன்றும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. சீப்புத் துண்டில் எத்தனை பல் என்று சகாதேவனால் எண்ண முடிந்தது. மட்டிச் சிப்பி வந்தது. தருமலிங்கம் இந்தத் தடவை புகையிலையை மறந்துவிட்டு உடனே கத்தினார். எட்டுப் பேர் முடிந்தது.

ஒன்பதாவதாக ரங்கம்மாள் எதையோ விரல் நுனியில் பிடித்துத் தூக்கினாள். கறுப்பாகவும் இல்லாமல் பச்சையாகவும் இல்லாமல், களிம்பு பிடித்த ஏதோ ஒரு சின்ன வில்லை. அழுகின கொட்டை மாதிரி இருந்தது. யாரும் குரல் கொடுக்கவில்லை. எவன் இவ்வளவு கேவலமான பொருளைப் போட்டது என்று சகாதேவன் நினைத்தார். போட்டவனுக்குத் தன் பொருளே தெரியவில்லை, பாவம், அவனுக்கும் கண் போய்விட்டது போலிருக்கிறது. அவரால் பொறுக்க முடியவில்லை, அந்த அப்பாவி யார் என்று பார்க்கத் திரும்பினார்.

முப்பத்து மூன்று முகங்களும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

பொன்னுரங்கம் இருமினார்.

பாவம் என்று நினைக்கப் போன சகாதேவன் பாதியில் நின்றார். பொன்னுரங்கம் மறுபடி இருமினார். முகத்தில் வியாதியின் அடையாளமே இல்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் சகாதேவன் மேல் வைத்து, லொக்கு லொக்கு என்று அந்தப் பழைய இருமலையே இருமினார். வருஷத்துக்கு ஒரு தடவை, முப்பத்து நாலு பொருளில் ஒரே ஒரு பொருளுக்கு, தான் மூன்று எண்ணி முடிப்பதற்குள் வருகிற இருமல். போன வருஷம் பொன்னுரங்கம் இல்லை. போன வருஷம் இருமல் இல்லை. போன வருஷம்தான் தப்புச் சொன்னார்.

பானைக்குள் ஈயத்தோடும் உப்புக் காற்றோடும் வருஷக் கணக்காகக் கிடந்தால் பித்தளை என்ன ஆகும் என்பது சகாதேவனுக்குத் தெரியாத விஷயமில்லை. அவர் அதை யோசித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். இப்போது அந்த வில்லையின் நடுவில் நூல் கோர்க்கும் காது தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. கண்ணாடிக்குள் கண் நிறைந்து, ஆபரேஷனுக்கு முன்னால் இருந்ததுபோல எல்லாம் மறுபடி மங்கிவிட்டது.

பேசாமல் இருக்கிறாரே என்று தருமலிங்கம் இருமினார். பின்வரிசையில் இரண்டு பேர் இருமினார்கள். ரங்கம்மாள் தூக்கிய கையை இறக்காமல், வலிக்கிறது என்று தோளை மட்டும் அசைத்தாள். லோகநாதன் நோட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. சட்டப் புத்தகம் மாதிரி இருக்கிற பிள்ளை, பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு, மறுபடி குனிந்து, மெல்ல ஒரு தடவை இருமினான்.

"என்னுது," என்றார் சகாதேவன்.

"ஒம்பது. சகாதேவன்," என்று எழுதினான் லோகநாதன். அடிக்கோடு போடவில்லை.

கூட்டம் கலைந்தபோது சகாதேவன் நேராகப் பொன்னுரங்கத்திடம் போய் நின்றார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"அந்த இருமலுக்கு எதனா மருந்து சாப்புடறியா?" என்று கேட்டார்.

"இன்னியோட வுட்டுப்போச்சு," என்றார் பொன்னுரங்கம்.

"ஒம் பையன் இப்போ நல்லா படகு தள்றான். நேத்து பாத்தேன்."

"அவன் பத்து வருசமா நல்லாத்தான் தள்றான்."

இருவரும் துறைப் பக்கம் நடந்தார்கள். பொன்னுரங்கம் படிக்கல் இல்லாத இடத்தில் படி இருப்பதுபோலக் காலைத் தூக்கி வைத்தார். கண்ணாடி போட்ட சகாதேவன் அதைப் பார்த்துவிட்டார்.

"எத்தினி நாளா?" என்றார்.

பொன்னுரங்கம் தரையைக் காலால் தடவிப் பார்த்துக்கொண்டார். "ரெண்டு மாசமா எடது கண்ணுல பொகையா கீது. பனின்னு நெனச்சேன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கண்ணு முகாம் மறுபடி எப்போ?" என்றார்.

"மாசில. எனக்கும் இன்னொரு கண்ணு கீது, சேந்தே போவலாம். காக்கா பயம்லாம் இல்ல."

"கண்ணாடி வர்றதுக்குள்ள வலது கண்ணும் போச்சுன்னா? சீட்டுல இன்னா பண்றது?"

சகாதேவன் கண்ணாடியைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஒன் பொருளு சோடா மூடிதான? நான் இருமறேன், போ."